வேதம் வாசிக்கிற நேரத்தில் கதைப் புத்தகமா? வாசிப்பும் எழுத்தும் கைவிடாத கிறிஸ்தவர்களிடம் ஒரு கேள்வி

கல்லடிக் கொப்பி | பெப்ரவரி 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். ஆரம்பப் பிரிவு ரீச்சர், மெதடிஸ்தக் குடும்பம்.

உயர்தரம் படித்த காலத்தில் எங்கே போனாலும் என் பையில் ஒரு கதைப் புத்தகமும் எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் கிடக்கும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை அடுத்த கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். கவிதை எழுதினேன், இரண்டு மூன்று பத்திரிகையிலும் வந்தது. மறுகா வேலை, கல்யாணம், பிள்ளைகள் இரண்டு. எழுத்து நின்றுபோனது. வாசிப்பு மட்டும் எப்படியோ மிஞ்சிக் கிடந்தது.

போன வருஷம் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தேன். அங்கே வயதில் மூத்த ஒரு அக்கா என் பையில் இருந்த நாவலைக் கண்டு, "இத வாசிக்கிற நேரம் வேதத்த வாசிக்கலாமே மகள்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அன்பில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அன்றைக்கே நாவலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அப்படி மிச்சப்பட்ட நேரம் வேதத்துக்குப் போகவில்லை. போனுக்குப் போனது. பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்றரை மணித்தியாலம் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். எதைப் பார்த்தேன் என்று விடிய நினைவில்லை. ஜெபமும் வறண்டுவிட்டது. முந்தி ஒரு நல்ல கதையை மூடிவிட்டு முழங்காலில் நின்றால் யாரோ ஒரு மனிசருக்காக அழுது ஜெபிக்கத் தோன்றும். இப்போது அதுவும் இல்லை.

வாசிப்பும் எழுத்தும் கர்த்தருக்குப் பிரியமா, அல்லது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானமா? பிரியம் என்றால், குடும்பமும் வேலையுமாக இருக்கிற நீங்கள் அதை எப்படிப் பழக்கமாக வைத்திருக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதில் எழுதுகிறீர்கள் என்பது வரைக்கும் சொல்லுங்கள். பொதுவான ஆறுதல் எனக்கு வேண்டாம்.

கல்முனை வாத்தியார் | பெப்ரவரி 10, காலை 5.35

மகள், நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வயது எழுபத்திரண்டு. காலை எழுதி முடித்த கையோடு பதில் எழுதுகிறேன்.

2 தீமோத்தேயு 4:13ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார். மரணம் கிட்ட வந்துவிட்டது என்று அதே அதிகாரத்தில் எழுதுகிறார். அந்த நிலையில் அவர் கேட்பது என்ன? துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாகத் தோற்சுருள்கள். குளிருக்கு ஒரு அங்கி, வாசிக்கப் புத்தகம். சாகப்போகிறவருக்குப் புத்தகம் எதற்கு? அந்தக் கேள்வியை நான் நாற்பது வருஷமாக யோசிக்கிறேன்.

அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது, உங்கள் புலவர்கள் சிலரும் சொல்லியிருக்கிறார்களே என்று கிரேக்கக் கவிதையை எடுத்துக் காட்டுகிறார் (அப்போஸ்தலர் 17:28). மேடையில் நின்றுகொண்டு கவிதை தேட முடியாது. முன்னமே வாசித்து மனதில் வைத்திருந்தவருக்குத்தான் அந்த நேரத்தில் அது வாய்க்கு வரும்.

எங்கட மண்ணையும் நினையுங்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். கடற்பயணத்திலேயே மனைவி இறந்துவிட்டார். தனி ஆளாக வந்து இறங்கியவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் அவரும் இறந்துவிட்டார். ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அந்தக் கொஞ்ச நாளில் பிரசங்கத்தோடு எழுத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல்தான் எண்ணுகிறது. நீங்கள் படித்ததும் படிப்பிப்பதும் அந்தக் கொடியில் வந்தவைதான்.

இனி என் வழக்கம். நாலரைக்கு எழும்புவேன். முதலில் ஜெபம். மறுகா வேதத்தில் பத்து வசனத்தைக் கையால் கொப்பியில் எழுதுவேன். இஸ்ரவேலின் ராஜா சிங்காசனத்தில் இருக்கும்போது நியாயப்பிரமாணத்தைத் தானே ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும் என்று உபாகமம் 17:18 சொல்கிறது. எழுதத் தெரிந்த ஆட்கள் அரண்மனையில் நிறைய இருந்திருப்பார்கள். ஆனாலும் ராஜாவின் கை எழுத வேண்டும். ஓய்வுபெற்ற மாதம் தொடங்கினேன். புதிய ஏற்பாடு முடிந்து இப்போது ஏசாயாவில் நிற்கிறேன். கண் ஓடிவிடும், கை ஓடாது. நாற்பது வருஷம் வாசித்தும் பிடிபடாமல் போன சொற்கள் பேனை முனையில் நிற்கும்போது பிடிபட்டன.

அது முடிந்து அரை மணித்தியாலம் வேறு புத்தகம். சரித்திரம், கவிதை, கதை, எது கிடைத்தாலும். கடையில் வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடக்கின்றன.

மாலையில் எழுத முயன்று மூன்று தரம் கைவிட்டவன் நான். உங்களுக்கு எந்த நேரம் பொருந்தும் என்பதை உங்கள் வீடுதான் சொல்லும்.

சபைச் சகோதரன் (செங்கலடி) | பெப்ரவரி 10, பிற்பகல் 1.15

ஸ்தோத்திரம். சிஸ்டர், ஐயா சொன்னதை மறுக்க வரவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நான் இரட்சிக்கப்படுவதற்கு முன் புத்தகப் புழு. இரவிரவாக வாசிப்பேன். வாசித்த அளவுக்குப் பெருமையும் வளர்ந்தது. படிக்காத என் அப்பாவை அவமரியாதையாகப் பேசியிருக்கிறேன். விசுவாசத்துக்குள் வந்தபோது ஒரு பெட்டி புத்தகத்தை எரித்தேன். எபேசுவில் விசுவாசிகள் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமதியான புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள் என்று அப்போஸ்தலர் 19:19இல் இருக்கிறது. அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதினார்.

ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணித்தியாலம்தான். வேலை, வீடு, சபை போக மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. அதில் முதல் பங்கு யாருக்கு? அந்த அக்கா கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அவரைத் தவறாக எடுக்க வேண்டாம்.

கல்முனை வாத்தியார் | பெப்ரவரி 10, மாலை 4.50

தம்பி, அப்பாவைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னீர்கள். அந்தக் காயம் எனக்கும் தெரியும். நான் என் அம்மாவிடம் செய்தேன்.

ஆனால் எபேசுவில் எரிந்தவை மந்திரவித்தைப் புத்தகங்கள். அவற்றை வைத்துத் தொழில் செய்தவர்களே கொண்டுவந்து போட்டார்கள். புத்தகம் என்பதற்காக எரிக்கவில்லை, சூனியம் என்பதற்காக எரித்தார்கள். அதே பவுல்தான் பிறகு தோற்சுருளைக் கேட்டு எழுதுகிறார். இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

தானியேலையும் அவன் தோழர் மூவரையும் பாருங்கள். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள். ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றார்கள், பாடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கல்வியில் சமர்த்தைக் கொடுத்தது தேவனே என்று தானியேல் 1:17 சொல்கிறது.

இறுமாப்புப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்கு மருந்து என்ன என்பதை யாராவது எழுதினால் நானும் படித்துக்கொள்வேன்.

புளியந்தீவு மரவேலை | பெப்ரவரி 11, இரவு 8.05

நான் பறங்கி. கத்தோலிக்கன். தச்சுவேலை. சாதாரண தரத்தோடு படிப்பு முடிஞ்சுது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும்.

எங்கட கோயிலில ஒரு தவக்காலத்தில ஃபாதர் விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்த விளக்கினவர். பெட்சலேல் (மற்றச் சபையாரின்ட பைபிளில பெசலெயேல்) எண்டு ஒரு ஆள். பொன்னில, வெள்ளியில, வெண்கலத்தில, கல்லில, மரத்தில வேலை செய்யிறவன். அவன என்ட ஆவியால நிரப்பினன் எண்டு ஆண்டவரே சொல்லுறார். பேர் சொல்லி, ஆவியால நிரப்பினன் எண்டு ஆண்டவர் சொன்ன முதல் ஆள் ஒரு கைவேலைக்காரன் எண்டு ஃபாதர் சொன்னார். அண்டைக்கு வீட்ட வந்து உளியத் தீட்டக்குள்ள கை நடுங்கினது. இருபது வருஷமாச் செய்யிற வேலை, அண்டைக்குத்தான் புதுசாத் தெரிஞ்சுது.

ஆனா நான் சொல்ல வந்த பழக்கம் மரவேலையில்ல. எங்கட வீட்டில பெரியாக்கள் போத்துக்கீச பாஷை கதைப்பாங்க. போத்துக்கேயர் மட்டக்களப்பில கோட்டை கட்டினது 1628இல. பத்து வருஷத்தில ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. கோட்டை கைமாறியும் பாஷை நிண்டுட்டுது. கல்யாண வீட்டில வயலினோட கபிரிஞ்ஞா ஆடுற எங்கட சனத்துக்கு அதுதான் வீட்டுப் பாஷை. என்ட தலைமுறையில முக்காவாசிப் பேர் தமிழ்தான் கதைக்கிறம். என்ட பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. 2004 சுனாமியில டச்பார் பக்கம் எங்கட சனம் நிறையப் போயிட்டாங்க. கதைச்ச வாயும் போயிட்டுது.

அம்மம்மா கடைசியாப் படுத்த படுக்கையா இருக்கக்குள்ள ஒரு நாளைக்கு அஞ்சு சொல்லு எண்டு கேட்டு எழுதத் தொடங்கினன். தமிழ் எழுத்தில. உளிக்கு என்ன, மழைக்கு என்ன, உப்புக்கு என்ன. ஆறு மாசம். அவ போகக்குள்ள ஒரு கொப்பி முடிஞ்சு மற்றதில பாதி. இப்ப கிழமைக்கு ஒரு வீடு. ஞாயிறு பூசை முடிஞ்சு வயசான ஆக்களிட்டப் போய் இருப்பன். ஒரு பாட்டு, ஒரு கதை, ரெண்டு சொல்லு. சிலவேளை ஒண்டும் கிடைக்காது, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவன்.

இது அறிவு வேலையா எண்டு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு மனிசன் சாகக்குள்ள அவரோட எத்தின சொல்லுப் போகுது எண்டு எனக்கு இப்ப தெரியும். செத்தவங்களுக்கு வேண்டுறதோட இதையும் செய்ய வேணும் எண்டு நினைக்கிறன்.

கல்லடிக் கொப்பி | பெப்ரவரி 11, இரவு 10.20

அண்ணா, உங்கள் எழுத்தில் பிழை தேட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். என் மாமியார் நாவற்குடாவில் பிறந்தவர். அவரிடம் நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

இரவுக் கடமை | பெப்ரவரி 12, அதிகாலை 3.25

அம்பாறை மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. மூன்று மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கும். இப்போது அந்த நேரம்தான்.

எனக்கு அரை மணித்தியாலம் கிடையாது. தொடர்ந்து பத்து நிமிஷம் கிடைத்தால் அது பெரிய காரியம். அதனால் நான் புத்தகத்தை விட்டுவிட்டு மனப்பாடத்தைப் பிடித்தேன். யூனிபோம் பொக்கற்றில் மடித்த கடதாசி ஒன்று இருக்கும். அதில் ஒரு கீர்த்தனையின் ஒரு சரணம். அல்லது ஒரு சங்கீதத்தின் நாலு வரி. மருந்து கலக்கும்போது மனம் வேறு எங்கும் போகக் கூடாது, அது வேறு. ஆனால் ஓடையில் நடக்கும்போது, கை கழுவும்போது, லிப்ட்டுக்கு நிற்கும்போது அந்த வரி வாயில் இருக்கும். ஒரு கிழமைக்கு ஒரு கடதாசி.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளை இப்படித்தான் பிடித்தேன். சின்னதில் ஆலயத்தில் பாடினதுதான். ஆனால் தனியாக ஒரு சரணத்தை ஏழு நாள் மென்றபோதுதான் எதுகை எங்கே விழுகிறது, ஏன் அந்த இடத்தில் அந்தச் சொல் என்று விளங்கியது. இலக்கணம் படிக்காத எனக்கு அந்தக் கடதாசிகள்தான் இலக்கண வகுப்பு.

ஒரு நாள் கண் தெரியாத ஒரு அம்மா, விடிய நாலு மணி இருக்கும், பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பொக்கற்றில் இருந்ததைப் பாடிக் காட்டினேன். அவர் இந்து. "இன்னொருக்கா" என்றார்.

அழைப்பு மணி அடிக்கிறது. போகிறேன்.

பாலமீன்மடு | பெப்ரவரி 12, இரவு 7.30

நான் தோணிக்காரன்ட மகன். இப்ப நானும் தோணிதான். புத்தகம் பெரிசா வாசிக்கிறேல்ல, இந்த இழைய மட்டும் முழுக்க வாசிச்சன்.

சாலொமோன் ராசா மூவாயிரம் நீதிமொழியும் ஆயிரத்தஞ்சு பாட்டும் சொன்னவர் எண்டு 1 இராஜாக்கள் 4இல இரிக்கு. அதோட நிக்கேல்ல. கேதுரு மரத்தில இருந்து சுவரில முளைக்கிற ஈசோப்புப் பூண்டு வரைக்கும், மிருகம், பறவை, ஊருறது, மீன் எல்லாத்தப் பத்தியும் சொன்னவராம். மீனப் பத்திச் சொன்ன ராசா! அத வாசிச்ச நாளில இருந்து நான் கொப்பி வச்சிரிக்கன். திகதி, காத்து எந்தப் பக்கம், தண்ணி உப்பா நல்லதண்ணியா, வாவி கடலோட சேருற முகத்துவாரம் வெட்டினதா மூடினதா, கொடுவா எத்தின, இறால் எத்தின, கெளுத்தி எத்தின. நாலு வருஷம் ஆகுது. முகத்துவாரம் வெட்டின கிழமையில இறால் எப்பிடி மாறுது எண்டு இப்ப எனக்கு அப்பாவ விடத் தெரியும். அப்பாவும் ஒத்துக்கொள்ளுறார்.

கல்லடிப் பாலத்தடியில மீன் பாடுறது எல்லாருக்கும் தெரியும். பறுவ நாள் (பௌர்ணமி) இரவு துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதில வச்சா கேக்கும். மீன்தான் எண்டு சிலர், ஊரிதான் எண்டு சிலர். 1960களில அந்தச் சத்தம் இலங்கை வானொலியில போனதுக்கு உதவினது லாங் சுவாமியார், கத்தோலிக்கக் குரு. பூசை வைக்கிற சுவாமிக்குத் தண்ணிக்குள்ள என்ன வேலை எண்டு அப்பவும் யாரும் கேட்டிருப்பாங்க.

ரீச்சர், நீங்க பாலத்துக்குப் பக்கத்திலதானே இரிக்கிறீங்க. கேட்டிரிக்கிறீங்களா?

கல்லடிக் கொப்பி | பெப்ரவரி 12, இரவு 9.10

இல்லை தம்பி. முப்பத்தாறு வருஷம் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். ஒரு தரமும் கேட்டதில்லை.

சொறிக்கல்முனை மகள் | பெப்ரவரி 14, காலை 10.00

அப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவர் வயல்காரர். வேளாண்மை வெட்டு முடிந்தால் வாடியில் இருந்து வாசிப்பார். ஒரு திருச்சிலுவைத் திருநாளில் யாரோ தேம்பாவணிப் பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வீரமாமுனிவர் சூசையப்பரை நாயகனாக வைத்துப் பாடிய காவியம், 3,615 பாட்டு. இத்தாலியில் பிறந்தவர் வளர்ந்த பிறகு தமிழ் படித்து இதைச் செய்தார் என்பதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. "அவருக்கு ஏலும் எண்டா எனக்கு வாசிக்க ஏலாதா" என்று ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று தொடங்கினார். ஒரு பாட்டு என்றால் கிட்டத்தட்டப் பத்து வருஷம். அப்போதே அவருக்கு அறுபத்தொன்பது. கணக்குத் தெரிந்துதான் தொடங்கினார்.

1,412ஆம் பாட்டில் பென்சில் கோடு நிற்கிறது. அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை.

நான் 1,413இல் தொடங்கினேன். விளங்காத சொற்கள் நிறைய. அகராதி பார்க்கிறேன், பார்த்தும் விளங்காவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த நாள் அடுத்த பாட்டு. சூசையப்பருக்கு வளன் என்று பேர் வைத்த அழகுக்காகவே ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன். மூத்த மகனின் பிள்ளைக்கு அந்தப் பேரைத்தான் வைத்தோம்.

வருகிற புதன் விபூதிப் புதன். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் கொடுத்து, முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வரிசையாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வயல் வேலைக்கு எப்படி நேரம் குறித்தாரோ அப்படியே வாசிப்புக்கும் நேரம் குறித்தார். மாமிசம் விடுவது எங்கள் வீட்டில் வழமை. இந்த முறை ஒரு புத்தகத்தை எடுப்போமா? எந்தச் சபையாராக இருந்தாலும், ஆளுக்கொன்று, உயிர்ப்பு ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும். இடையில் விட்டு வேறொன்றுக்குத் தாவக் கூடாது. நான் தேம்பாவணியை நாளுக்கு மூன்றாக ஆக்கிக்கொள்கிறேன்.

இரவுக் கடமை | பெப்ரவரி 14, பிற்பகல் 2.40

நான் சேர்கிறேன். மாற்கு சுவிசேஷம், மனப்பாடமாக. பதினாறு அதிகாரமும் நடக்காது. முதல் நாலு.

புளியந்தீவு மரவேலை | பெப்ரவரி 14, இரவு 8.30

நானும். புத்தகம் எண்டு ஒண்டை முழுசா வாசிச்சு முடிச்சதில்ல. ரீச்சர் ஒண்டு சொல்லுங்க, பெரிய எழுத்தா.

அகரம் | பெப்ரவரி 16, இரவு 11.50

இங்கே எழுதுவதா என்று நாலு நாள் யோசித்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

அதுவரை பாட்டு எழுதிக்கொண்டிருந்தவள். பிறகு இரண்டு வருஷம் ஒரு சொல் வரவில்லை. வந்தாலும் பொய்யாகத் தெரிந்தது. ஒரு போதகர் அம்மா என்னைப் புலம்பல் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், மனம் அசையவில்லை. பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். எபிரேயத்தில் எழுத்து இருபத்திரண்டு. புலம்பலின் முதல், இரண்டாம், நாலாம் அதிகாரங்களில் வசனமும் இருபத்திரண்டு. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக அறுபத்தாறு. ஐந்தாம் அதிகாரத்திலும் இருபத்திரண்டு வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை இல்லை.

பட்டணம் எரிந்து கிடக்கிறது, தாய்மார் அழுகிறார்கள், அதை எழுதுகிறவர் அகரவரிசையில் எழுதுகிறார். முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு துக்கத்தில் எழுத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்று. பிறகு விளங்கியது, எண்ண ஒன்று இருந்தபடியால்தான் அவரால் எழுத முடிந்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதபோது முதல் எழுத்தில் தொடங்கலாம். அழுகை நிற்காதபோது கடைசி எழுத்தில் நிறுத்தலாம். கடைசி அதிகாரத்தில் வரிசையும் உடைந்துபோகிறது, அது ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உயிரெழுத்துப் பன்னிரண்டை எடுத்தேன். எழுத்துக்கு ஒரு வரி. அ ஒரு இரவில் வந்தது. ஆ, இ, ஈ அந்தக் கிழமைக்குள். எ எழுதிய நாளில் முதல் தரம் சத்தமாக அழுதேன். ஔ வருவதற்கு ஒரு வருஷம் ஆனது. யாருக்கும் காட்டவில்லை. வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், புலம்பல் இருக்கிற இடத்தில்.

தங்கச்சி, நீங்கள் கேட்டீர்களே, கர்த்தருக்குப் பிரியமா என்று. எனக்கு அந்தப் பன்னிரண்டு வரிதான் ஜெபத்துக்குத் திரும்பிப் போன வழி.

கல்முனை வாத்தியார் | பெப்ரவரி 17, காலை 5.20

மகள், இன்று காலை ஏசாயாவை வைத்துவிட்டுப் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை எழுதினேன். உங்களை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

சபைச் சகோதரன் (செங்கலடி) | பெப்ரவரி 17, இரவு 9.00

ஒரு கிழமையாக வாசிக்கிறேன், பதில் எழுதவில்லை. வாத்தியார் ஐயா இறுமாப்புக்கு மருந்து கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா உயிரோடு இருக்கிறார். எண்பது வயது. போன சனிக்கிழமை அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கதையைச் சத்தமாக வாசித்தேன். என் ஆயுளில் முதல் தரம். பாதியில் நிறுத்தி, அந்தக் கிழவன் அப்பிடிச் செய்யமாட்டான், வயல்காரன் எவனும் விதைநெல்லை விக்கமாட்டான் என்றார். அவர் சொன்னது சரி. எழுதினவருக்கு வயல் தெரியவில்லை. இவ்வளவு வாசித்த எனக்கும் தெரியவில்லை.

முதல் பங்கு கர்த்தருக்கு என்பதில் நான் மாறவில்லை. காலையில் வேதம் திறக்கும் முன் வேறு எழுத்தைத் தொடமாட்டேன். ஆனால் தனியாக இருந்து வாசித்துத் தலைக்குள் சேர்த்து வைத்ததுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். தவக்காலப் புத்தகம் எனக்கும் ஒன்று. அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

கல்லடிக் கொப்பி | ஏப்ரல் 12, இரவு 9.25

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து ஒரு கிழமை. சொன்னபடி எழுத வந்தேன்.

போனை எட்டே முக்காலுக்குக் குசினி ராக்கையில் வைக்கிறேன். படுக்கை அறைக்குள் கொண்டுபோவதில்லை. முதல் பத்து நாள் கை தேடியது. இரண்டு தரம் எழும்பிப் போய் எடுத்தும் இருக்கிறேன். எட்டே முக்காலில் இருந்து ஒன்பதேகால் வரை சாப்பாட்டு மேசை. பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கொப்பி. சின்னவன் படம் கீறுகிறான், பெரியவள் என்னைப் பார்த்து எழுதுகிறாள். முதல் பத்து நிமிஷம் வாத்தியார் ஐயா சொன்னபடி வேதத்தைக் கையால் எழுதுவது, நான் ரூத்தை எடுத்தேன். நாலு அதிகாரம்தான், முடிந்துவிட்டது. பிறகு தவக்காலப் புத்தகம். எல்லா நாளும் நடக்கவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் திருத்திய கிழமை முழுக்க விட்டுப்போனது. மறுபடி தொடங்க வெட்கமாக இருந்தது, ஆனால் பிள்ளைகள் கொப்பியோடு வந்து மேசையில் இருந்துவிட்டார்கள்.

ஞாயிறு பின்னேரத்தில் மாமியாரிடம் ஐந்து சொல் கேட்கிறேன். நாவற்குடாவில் அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துச் சமையல், சடங்கு, விளையாட்டு. மரவேலை அண்ணாவுக்கு நன்றி. மாமியார் என்னோடு இவ்வளவு கதைத்தது இந்தப் பதினோரு வருஷத்தில் இல்லை.

ஜெபக் குழு அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளிக்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். இந்த இழையில் வாசித்தவற்றை மெதுவாகச் சொன்னேன், பவுலின் தோற்சுருளில் இருந்து. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், 1990இல் இடம்பெயர்ந்தபோது அவர் ஆறாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. வேதம் மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினாராம், சபையில். "மத்தப் புத்தகம் எனக்கு ஓடாது மகள். உன்ட கையில அதக் கண்டா எனக்கு ஒரு மாதிரி இரிக்கும்" என்றார். எனக்குப் பேச வார்த்தை வரவில்லை. இப்போது புதன்கிழமை ஜெபம் முடிந்து அரை மணித்தியாலம் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அன்றைக்கு அலுமாரியில் வைத்துப் பூட்டிய அதே நாவல். மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். இன்னும் வாசி என்கிறார்.

கவிதை ஒன்றே ஒன்று வந்தது. பதினொரு வரி. திருத்திக்கொண்டிருக்கிறேன், இங்கே போடமாட்டேன். அகரம் அக்காவுக்குத் தனியாக அனுப்பினேன், ஏழாம் வரியை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

பாலமீன்மடுத் தம்பி, அடுத்த பறுவம் மே 1. எங்களை ஏற்றிப்போவீர்களா? நானும் இவரும் பிள்ளைகளும். அக்காவும் வர ஆசைப்படுகிறார்.

பாலமீன்மடு | ஏப்ரல் 12, இரவு 10.05

வாங்க ரீச்சர். தோணியில என்னோட ஆறு பேருக்கு இடம் இரிக்கு, சரியாப் போகும். பிள்ளையள நடுவில இருத்த வேணும். ஏழரைக்குப் பாலத்துக்குக் கீழ, பழைய பாலத்துப் பக்கம். காத்து இருந்தா கேக்காது, அப்பிடியெண்டா அடுத்த நாள் போவம். இஞ்சின் போடமாட்டன், துடுப்புத்தான். கதைக்காம இருக்க வேணும் எண்டு சின்னவனிட்ட இப்பவே சொல்லி வையுங்க. கொப்பியப் பொலித்தீன் பையில போட்டுக் கொண்டு வாங்க.